மானிட்டரில் பச்சைப் பொட்டு: கார்டு போயிருச்சா?

கம்ப்யூட்டர் சந்தேகங்களுக்கு செங்கோட்டை கடைக்காரர் பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு ஊர் புளியரை. கேமிங் பி.சி. சேர்த்து ரெண்டு வருஷம் ஆகுது. சாரல் தொடங்கினதுல இருந்து ஒரு தொல்லை. கேம் போட்டு இருபது நிமிஷம் ஆனதும் திரையில பச்சைப் பொட்டு பொட்டா வருது, அப்புறம் கட்டம் கட்டமா உடையுது. சில நேரம் திரை முழுக்க கறுத்து, ரெண்டு மூணு விநாடியில திரும்ப வருது. ஒரு கடையில காட்டினேன். கிராஃபிக்ஸ் கார்டு போச்சு, புதுசு 28,000 ஆகும்னுட்டாங்க. அப்பா ஆரியங்காவு பக்கம் ரப்பர் பால் வெட்டப் போறவர். அவர்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு தெரியல.
– வாசகர், புளியரை

பதில்: தம்பி, அப்பாவிடம் இப்போது எதுவும் கேட்க வேண்டாம். திரைக்குப் படத்தை உருவாக்கி அனுப்புகிற அந்தக் கார்டு போனதா இல்லையா என்று இன்னும் யாரும் பார்க்கவே இல்லை. திரையில் பொட்டு வந்தால் அதற்குக் காரணம் மானிட்டராக இருக்கலாம், மானிட்டருக்குப் போகிற வயராக இருக்கலாம், கார்டாக இருக்கலாம். எது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

பொட்டு வரும்போதே மானிட்டருக்குக் கீழே இருக்கும் பட்டனை அமுக்குங்கள். வெளிச்சம், நிறம் மாற்றுகிற மெனு வரும். அந்த மெனுவை வரைவது மானிட்டர்தான், கம்ப்யூட்டருக்கு அதில் வேலை இல்லை. மெனுவும் சேர்ந்து உடைந்து தெரிந்தால் மானிட்டரில் கோளாறு. மெனு பளிச்சென்று இருந்து, பின்னால் கேம் மட்டும் உடைந்தால் மானிட்டர் மேல் பழி இல்லை.

அடுத்து, விண்டோஸ் கீயோடு பிரிண்ட் ஸ்கிரீனை அமுக்குங்கள். திரையில் தெரிவது அப்படியே படமாகி, தானாக ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டரில் சேர்ந்துவிடும். அதை செல்போனுக்கு அனுப்பி, போனில் பாருங்கள். போனிலும் பச்சைப் பொட்டு தெரிந்தால் கோளாறு படம் உருவாகிற இடத்திலேயே, அதாவது கார்டிலோ, கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருளிலோ, கேமிலோ இருக்கிறது. போனில் படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் வயர்தான். வேறு வயர் மாற்றிப் பாருங்கள், மானிட்டர் விநாடிக்கு எத்தனை முறை படம் மாற்றுகிறது என்கிற அளவை 144 ஹெர்ட்ஸிலிருந்து 60க்கு இறக்கிப் பாருங்கள். 60இல் பொட்டு வருவது நின்றுவிட்டால் அந்த வயரால் வேகம் தாங்க முடியவில்லை என்று அர்த்தம்.

நீங்கள் சொன்ன அந்தக் கறுப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. கார்டு 2 விநாடிக்குப் பதில் சொல்லாமல் நின்றால், விண்டோஸ் டிரைவரை மறுபடி கிளப்பிவிடும். திரை கறுத்துத் திரும்புவது பல நேரம் அதனால்தான். விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கிற ‘ஈவென்ட் வியூவர்’ திறந்து, சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வயரை விட்டுவிட்டுக் கார்டுப் பக்கம் போகலாம்.

கார்டுப் பக்கம் என்றதும் கார்டு செத்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போன ஆடியில் பண்பொழியிலிருந்து ஒரு காலேஜ் பையன் இதே கதையோடு வந்தான். கார்டைக் கழற்றி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். ஸ்லாட்டுக்குள் போகிற தங்கப் பற்கள் பாதி மின்னுகின்றன, பாதி மங்கிப் பழுப்பேறிக் கிடக்கின்றன. ஃபேனுக்கு உள்ளே, தூசியும் ஈரமும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது. குச்சியால் நெம்பினால் ஒரே விரிப்பாக எழுந்து வருகிறது. ஜன்னலோரம் தரையில் கேபினெட்டை வைத்து, சாரல் காற்று இரண்டு மாதம் அடித்தால் அப்படித்தான் ஆகும். சுத்தம் செய்து மாட்டினேன், இன்று வரை ஓடுகிறது. உங்களுக்கும் இருபது நிமிஷம் கழித்துத்தான் வருகிறது என்பதால் முதல் சந்தேகம் சூட்டின் மேல்தான். கேம் ஓடும்போது கார்டின் சூட்டைக் காட்டுகிற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. 85 டிகிரியைத் தாண்டிப் போனால் சுத்தம் செய்தே ஆக வேண்டும். சும்மா இருக்கும்போது ஃபேன் சுற்றவில்லையே என்று பயப்படாதீர்கள். நிறையக் கார்டுகள் சூடு ஏறும்வரை ஃபேனை நிறுத்தித்தான் வைக்கும்.

கழற்றுகிற முறையைச் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொடுங்கள். கார்டுக்கு வருகிற பவர் வயரைக் கழற்றி, ஸ்க்ரூவை எடுத்த பிறகும் கார்டு வராது. ஸ்லாட்டின் உள்முனையில், கார்டுக்கு அடியில் கண்ணில் படாமல் ஒரு சின்ன பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். அதை அமுக்காமல் இழுத்து ஸ்லாட்டையே பெயர்த்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பற்களை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். பென்சில் அழிக்கிற ரப்பர் போட்டுத் தேய்ப்பது எங்கள் தொழிலில் பழக்கம்தான், ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. எனக்கு மனசு ஒப்புவதில்லை. தூசிக்குப் பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் மட்டும் காட்டாதீர்கள், இந்தச் சாரல் காலத்தில் குழாயிலிருந்து காற்றோடு தண்ணீரும் வரும்.

திரும்ப மாட்டும்போது பவர் வயரைக் கவனியுங்கள். ஸ்லாட் தருவது 75 வாட்ஸ், ஒரு 8 பின் சாக்கெட் வாங்குவது 150 வாட்ஸ் வரை. கார்டில் இரண்டு சாக்கெட் இருந்தால், ஒரே வயரின் இரண்டு தலைகளை மாட்டாமல் பவர் சப்ளையிலிருந்து தனித்தனி வயர் இழுங்கள். கார்டின் வேகத்தைக் கூட்டி ஓவர்கிளாக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கடைசியாக, விண்டோஸ் அடிப்படை வேலைகளோடு மட்டும் ஓடுகிற சேஃப் மோடில் போய்ப் பழைய டிரைவரை முழுக்க நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஒரே ஒரு கேமில் மட்டும் உடைகிறது என்றால், அந்தக் கேமின் ஃபைல்களைச் சரிபார்த்தாலே போதும்.

இத்தனைக்குப் பிறகும், பி.சி. கிளம்பும்போது வருகிற பயாஸ் திரையிலேயே பொட்டு தெரிந்தால் அங்கே விண்டோஸ் டிரைவருக்கு வேலை இல்லை. வேறு வயர், வேறு மானிட்டரிலும் அப்படியே என்றால் கார்டின் மெமரி சிப் பழுது என்றுதான் நினைக்க வேண்டும். அப்போதும் 28,000 இல்லை தம்பி. ரெண்டு வருஷம்தானே ஆகிறது? பல கார்டுகளுக்கு 3 வருஷ வாரண்டி உண்டு. கார்டில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், பில்லைத் தேடி எடுங்கள். அதுவரை ஃபேன் மூடியின் ஸ்க்ரூ மேல் இருக்கிற ஸ்டிக்கரைக் கிழிக்க யாரையும் விடாதீர்கள். அந்தக் கடையில் வாரண்டி பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் விலை சொன்னதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: அண்ணாச்சி, கிணற்று மோட்டார் போடும்போதெல்லாம் மகனோட மானிட்டர் ஒரு விநாடி கறுத்துப் போகுது. பி.சி. ஆஃப் ஆகுறதில்ல. மானிட்டரை மாத்தணுமா?
– வாசகி, ஆரியங்காவு

பதில்: வேண்டாம் தங்கச்சி. மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் வோல்டேஜ் இறங்கும், லைனில் ஒரு அதிர்வும் வரும். பி.சி. தாங்கிக்கொள்கிறது, மானிட்டரும் வயரும் தடுமாறுகின்றன. மோட்டார் இருக்கும் லைனை விட்டு வேறு பிளக் பாயின்ட்டுக்கு மானிட்டரை மாற்றுங்கள். யூ.பி.எஸ். இருந்தால் பி.சி.யோடு மானிட்டரையும் அதிலேயே போடுங்கள். மானிட்டர் வயர் நீளமாக, மெலிதாக இருந்தால் குட்டையான தடித்த வயர் வாங்குங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். கேபினெட்டைத் தொட்டால் மகனுக்கு லேசாகச் சுர்ரென்று இழுக்கிறதா என்றும் கேளுங்கள். ஆமாம் என்றால், எர்த் சரியாகும்வரை அந்தப் பிளக்கைப் போட வேண்டாம்.