சாலை பஜாரில் மச்சு வீடு: முதலில் மீட்டரைப் பாருங்கள்

கேள்வி: தென்காசியைச் சேர்ந்த நான், திருவனந்தபுரம் சாலை பஜாரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதச் சேர்ந்திருக்கிறேன். அருகிலேயே ஒரு வீட்டின் மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு, உள்ளே பலகையால் பாதி மச்சு கட்டிய வீடு குறைந்த வாடகைக்கு வருகிறது. கீழே உரிமையாளர் குடும்பம். மின் மீட்டர் இருவருக்கும் ஒன்று. 11 மாத ஒப்பந்தம் போடலாம் என்கிறார். மனைவி, ஒன்றரை வயதுக் குழந்தையுடன் குடியேறலாமா?

பதில்: வாடகை ஏன் குறைவு என்பதற்கான விடை அந்த ஒற்றை மீட்டரில் இருக்கக்கூடும். கேரளத்தில் வீட்டு மின்சாரத்துக்கு மாதம் 250 யூனிட் வரை படிப்படியான கட்டணம். அதைத் தாண்டினால் படிகள் போய்விடும். முதல் யூனிட்டிலிருந்தே மொத்தத்துக்கும் உயர்ந்த ஒரே விகிதம். பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் பில் வரும் என்பதால் எல்லை 500 யூனிட். உரிமையாளர் 320, நீங்கள் 220 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே இருவரும் சிக்கனக்காரர்கள். ஒரே மீட்டரில் 540, இருவரும் ஊதாரிகள்! சப் மீட்டர் வைத்துத் தருகிறேன் என்பார். அது யூனிட்டைப் பிரிக்குமே தவிர, விகிதத்தைக் குறைக்காது. கீழே ஒரு கடைக்கும் அதே இணைப்பிலிருந்து மின்சாரம் போகிறதென்றால் வணிகக் கட்டணச் சிக்கலும் சேரும். தனி இணைப்பு வாங்கித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்து கதவு எண், அதாவது மாநகராட்சி தரும் டி.சி. நம்பர். மாடியில் பிற்பாடு எழுப்பிய தகரக் கூரை வீடுகள் பலவற்றுக்குத் தனி எண் இருப்பதில்லை. முகவரிச் சான்று, சமையல் எரிவாயு என்று போகும்போது இடிக்கும். உரிமையாளரின் வரி ரசீதைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

11 மாதக் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த வழக்கம் அது. கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1965 பொருந்தும் இடத்தில், 11 மாதம் முடிந்தது என்பதற்காக மட்டும் உங்களை வெளியேற்ற முடியாது. வாடகை பாக்கி, உரிமையாளரின் சொந்தத் தேவை போன்ற காரணங்களை வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் அவர் நிறுவியாக வேண்டும். ஆனால் பத்திரத்தில் ‘வாடகை’ என்பதற்குப் பதில் ‘லைசென்ஸ்’, அதாவது தங்க வெறும் அனுமதி, என்றிருந்தால் இந்தப் பாதுகாப்பு கேள்விக்குள்ளாகும். பத்திரம் மலையாளத்தில் இருக்கும். வீட்டு உரிமையாளரின் நண்பர் அல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படித்துக் கேளுங்கள். முன்பணத்துக்கும் ரசீது வேண்டும்.

வீட்டைக் காலையில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். தகரத்தின் கீழ், மச்சில் மதியம் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் உட்காருங்கள். இந்த ஊரில் ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று. கூரை விளிம்பில் சாரல் எவ்வளவு உள்ளே வருகிறது என்று சுவரின் கறையே சொல்லும். குழந்தை இருப்பதால், ஏணிப்படிக்குக் கீழும் மேலும் கதவு, மச்சு விளிம்பில் நெருக்கமான கம்பி. இவை இல்லாமல் குடியேற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தனியாள் என்றால் இவ்வளவு கறாராகச் சொல்லியிருக்க மாட்டேன்.

சாமான் இறக்குவது பற்றி ஊரில் பலர் பயமுறுத்துவார்கள். வீட்டுச் சாமானை உங்கள் ஆட்களே இறக்கலாம். சுமைத் தொழிலாளர்கள் வேலை செய்யாமலே கேட்கும் நோக்குகூலியை அரசு 2018 மே முதல் தடை செய்துவிட்டது. சரக்கு லாரிகள் நிற்கும் நேரத்தையும் ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்கல் விழா நாளையும் தவிர்த்து வண்டியை வரச் சொல்லுங்கள். அதற்கு முன், பீரோ அந்தப் படியில் திரும்புமா என்று அளந்துவிடுங்கள்.