கால்ஃபாக்ஸ் – பலூஸ் சாலை: அறுவடை நேரத்தில் போகலாமா?

ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள கால்ஃபாக்ஸிலிருந்து பலூஸ் ஊர் வழியாகப் பக்கத்து மாநிலமான ஐடஹோவுக்கு 272-ஆம் எண் சாலையில் போகலாமா, முன்னால் அறுவடை இயந்திரம் ஊர்ந்துகொண்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். வாஷிங்டனின் அந்த மாநில நெடுஞ்சாலை மொத்தமே 19 மைல் சொச்சம்தான். எல்லை தாண்டினால் ஐடஹோவின் 6-ஆம் எண் சாலையாகி பாட்லாட்ச் ஊர்ப் பக்கம் போகும்.

இந்தச் சாலை போகும் விட்மன் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) முழுக்கக் கோதுமை மேடுகள். சாலையும் அவற்றோடு ஏறி இறங்குவதால் எதிரே வருவது தெரியாது. ஆரஞ்சு முக்கோணப் பலகை மாட்டிய வண்டி என்றால் மணிக்கு 25 மைல் வேகத்துக்குள்தான் போகும். மஞ்சள் கோடு உங்கள் பக்கம் தொடர்கோடாக இருக்கும்வரை பின்னாலேயே போங்கள். முந்த வழியில்லாத இடத்தில் பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால், மெதுவாகப் போகும் அந்த வண்டிதான் பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம்.

முக்கியமாக ஒன்று: இடப்பக்க வயலுக்குள் திரும்பப் போகும் டிராக்டர், வளைவதற்காக முதலில் வலப்பக்கம் ஒதுங்கும். வழிவிடுகிறார் என்று நினைத்து முந்தினால் தொலைந்தோம்!

அப்புறம், படம் எடுக்கக் காய்ந்த புல்மேல் காரை நிறுத்தாதீர்கள்; அடியில் இருக்கும் சூட்டில் தீப்பிடிக்கும். காலையில் கிழக்கே போனால் வெயில் கண்ணைக் குத்தும், கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலைக் கால்ஃபாக்ஸிலேயே போட்டுவிடுங்கள்.