“சரி மேடம்” என்று சொல்லிவிட்டு வந்தேன், பிறகு போகவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 36. திண்டுக்கல் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். கல்லூரி இறுதியாண்டில் அப்பா இறந்துபோனதிலிருந்து வீட்டுப் பொறுப்பு என்னுடையதாயிற்று. தம்பியைப் பொறியியல் படிக்கவைத்தேன். தங்கைக்குத் திருமணம் செய்துவைத்து, அதற்கு வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய், இப்போது வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

சில மாதங்களாக இரவில் தூக்கம் வருவதில்லை. வகுப்பில் நிற்கும்போதே நெஞ்சு அடைப்பது போலாகிறது. இ.சி.ஜி., தைராய்டு பரிசோதனைகளில் குறை எதுவும் இல்லை என்று கூறிய மருத்துவர், உளவியல் ஆலோசனைக்குப் போகச் சொன்னார். மதுரையில் ஓர் ஆலோசகரைச் சில முறை பார்த்தேன். அன்பாகத்தான் பேசினார். ஆனால் வீட்டைப் பற்றி நான் எதைச் சொன்னாலும், “தம்பிதான் சம்பாதிக்கிறாரே, இன்னும் நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்? இனி உங்களுக்காக வாழுங்கள்” என்பார். வாரம் ஒருமுறையாவது வீட்டில் ஒன்றை மறுத்துப் பேசி, அதை எழுதிக் கொண்டுவரும்படி பயிற்சியும் கொடுத்தார். நான் “சரி மேடம்” என்றேன். எதையும் மறுக்கவில்லை, மறுத்ததாக எழுதிக் காட்டினேன். ஊரிலிருந்து கொண்டுபோன கொய்யாப் பழங்களை, விதிப்படி வாங்கக் கூடாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு நான் போகவில்லை.

முன்பு உடன் பணியாற்றிய ஒருவரை விரும்பினேன். சாதி வேறு என்பதால் நானே விலகிவிட்டேன். இது யாருக்கும் தெரியாது. அந்த ஆலோசகரிடமும் சொல்ல வாய் வரவில்லை. அவர் என்ன ஆட்களோ, எப்படி எடுத்துக்கொள்வாரோ என்ற பயம். இந்த ஆலோசனையெல்லாம் நகரத்தில் தனியாக வாழ்பவர்களுக்குத்தானா? வீட்டை விட்டுக்கொடுக்க முடியாத என் போன்றவர்களுக்கு இதில் இடம் உண்டா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

செய்யாத பயிற்சியைச் செய்ததாக எழுதிக் காட்டியதை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த வரிதான். வீட்டில் பிறர் மனம் நோகக் கூடாது என்று ஒப்புக்கொண்டு, ஒப்பாததை உள்ளே வைத்துக்கொள்ளும் நீங்கள், ஆலோசகரின் அறையிலும் அதையேதான் செய்திருக்கிறீர்கள். “மறுக்கப் பழகுங்கள்” என்று சொன்னவரிடமே உங்களால் மறுக்க முடியவில்லை. இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்வார்கள். கேட்பவர் அதைக் கவனித்திருந்தால், உங்கள் நெஞ்சடைப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கான தடயம் அவர் கண்ணெதிரிலேயே கிடைத்திருக்கும்.

உறவை மையமாகக் கொண்ட சிகிச்சை என்று நாங்கள் கூறுவது இதைத்தான். வெளியே நடந்தவற்றைக் கேட்டு அறிவுரை கூறுவதோடு நிற்காமல், ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையே அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதையும் பேச்சுக்குக் கொண்டுவருவது அதன் வழி. நான் அந்த இடத்தில் இருந்தால், “நீங்கள் சரி என்று சொல்லும்போது உங்கள் முகம் அப்படிச் சொல்லவில்லையே, நான் கொடுத்த பயிற்சி உங்களுக்குப் பொருந்தவில்லையோ?” என்று கேட்டிருப்பேன். நீங்கள் தயங்கித் தயங்கி “ஆமாம், பொருந்தவில்லை” என்று சொல்லி, அதனால் நான் கோபப்படவில்லை என்பதையும் நேரில் பார்த்திருந்தால், அதுவே நீங்கள் உண்மையில் செய்த முதல் மறுப்பாக இருந்திருக்கும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் சிகிச்சைக் கூட்டுறவை, அதாவது ஆலோசகரும் வந்தவரும் சேர்ந்து உழைக்கும் உறவை, மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: குறிக்கோளில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. உங்களுக்கு அங்கே மூன்றாவது ஓரளவு இருந்தது. முதல் இரண்டும் இல்லை. நீங்கள் தூக்கத்தையும் நிம்மதியையும் தேடிப் போனீர்கள். அவரோ உங்களைக் குடும்பத்திலிருந்து விடுவிக்கும் வேலையைத் தொடங்கிவிட்டார்.

தனித்து நிற்பதே மனமுதிர்ச்சி என்ற எண்ணம் உளவியலில் நீண்ட காலம் கோலோச்சியது உண்மைதான். அதை அமெரிக்காவிலேயே மறுத்தவர்கள் உண்டு. 1970களின் பிற்பகுதி முதல் மனநல மருத்துவர் ஜீன் பேக்கர் மில்லரும் அவருடன் சேர்ந்த பெண் உளவியலாளர்களும், மனிதர் உறவுகளை உதறி வளர்வதில்லை, உறவுகளுக்குள்ளேயே வளர்கிறார்கள் என்று வாதிட்டனர். ஆனால் அதே மூச்சில் அவர்கள் இன்னொன்றையும் சொன்னார்கள்: உறவு நிலைக்க வேண்டும் என்பதற்காகத் தன் உணர்வின் பெரும்பகுதியை மறைத்துக்கொள்பவர், வீடு நிறைய ஆட்கள் இருந்தும் தனித்துப்போகிறார். உங்கள் நிலைக்கு இது நெருக்கமாகப் பொருந்துகிறது. ஆகவே, வீட்டை விட முடியாதது குறையா என்ற கேள்வியை நான் கேட்க மாட்டேன். அந்த வீட்டில் உங்கள் களைப்பும் உங்கள் ஆசையும் யாருக்காவது தெரியுமா என்றுதான் கேட்பேன்.

நம் நாட்டில் குடும்பத்தைச் சிகிச்சைக்குத் துணையாக ஏற்ற மரபும் பழையதுதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957-இல் தொடங்கியதிலிருந்து, நோயாளியுடன் குடும்பத்தினர் ஒருவரும் தங்கும் முறை அங்கே இருந்து வருகிறது. இதைச் சொல்வதால் உங்கள் அம்மாவையும் தம்பியையும் உடனே அழைத்துச் செல்லுங்கள் என்று பொருளில்லை. முதலில் உங்களுக்கென்று ஒரு மணி நேரம் வேண்டும். அவர்களை அழைப்பதா, எப்போது அழைப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

நம் பண்பாடு தெரிந்தவரைத் தேட வேண்டும் என்று தோன்றும். அதில் ஓர் எச்சரிக்கை தேவை. “நம் பண்பாடு எனக்குத் தெரியும்” என்று உறுதியாகச் சொல்பவர், “மூத்த பெண் என்றால் அப்படித்தான் அம்மா, தாங்கிக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிடவும் கூடும். அது மதுரையில் நீங்கள் கேட்ட அறிவுரையைவிடக் கெடுதலானது. பண்பாட்டைக் கருத்தில் கொள்பவர் ஊகிப்பதில்லை, கேட்கிறார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறி கையேட்டில் இதற்கென 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் முறை ஒன்று உண்டு. உங்கள் சிக்கலை நீங்கள் எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள், அதற்குக் காரணம் என்னவென்று உங்கள் வீட்டார் கருதுகிறார்கள், எதைச் செய்து பார்த்தீர்கள், உங்கள் பின்னணியில் எது துணை நிற்கிறது, எது வருத்துகிறது என்ற போக்கில் அவை செல்லும். நம் ஊரில் இந்தப் பின்னணி என்பதில் சாதி கட்டாயம் அடங்கும். ஆலோசகருக்கும் ஒரு சாதியும் வர்க்கமும் வளர்ப்பும் உண்டு என்பதை வந்தவர் அறிந்தே இருக்கிறார். அதைப் பேசாமல் விடுவதால் அது அறையை விட்டுப் போய்விடுவதில்லை. உங்கள் பயம் நியாயமானது. நல்ல ஆலோசகர், “இதை என்னிடம் சொல்வது உங்களுக்குக் கடினமாக இருக்கலாம்” என்று தாமே கதவைத் திறந்துவைப்பார்.

கொய்யாப் பழத்தைப் பற்றி: பரிசுகளில் கட்டுப்பாடு இருப்பது சரியே, விலையுயர்ந்தவற்றை நானும் வாங்குவதில்லை. ஆனால் பெற்றுக்கொண்டே வந்ததற்குக் கைம்மாறு செய்யாமல் இருக்க முடியாத ஒருவர் நீட்டும் பழத்தை விதியைக் காட்டி மறுக்கும் முன், அது அவருக்கு என்ன என்று கேட்டிருக்கலாம்.

இனி செய்யக்கூடியவை. உங்களுக்கு மனமிருந்தால், அதே ஆலோசகரிடம் இன்னொரு முறை போய், “பயிற்சியை நான் செய்யவில்லை, உங்களிடம் சொல்லப் பயமாக இருந்தது” என்று சொல்லிப் பாருங்கள். நேரில் வாய் வராது என்றால் தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் அன்பானவர் என்று நீங்களே கூறியிருப்பதால் இதைப் பரிந்துரைக்கிறேன். அவர் தற்காத்துக்கொண்டு பேசினாலோ, அறிவுரையையே திரும்பக் கூறினாலோ, தயங்காமல் வேறொருவரிடம் போகலாம். புதியவரைத் தேடினால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். “நான் சொல்வது எங்கே, யாருக்குப் போகும்?” என்பதையும் முதல் நாளே கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் செய்திகளை மறைவாகக் காக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது; உங்களுக்கோ பிறருக்கோ ஆபத்து என்பது போன்ற சில நிலைகளில் மட்டுமே அதற்கு விலக்கு. வெளியூர் செல்வது கடினமான வாரங்களில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் அன்றே அழையுங்கள். தூக்கமின்மை நீடித்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். பேச்சும் மருந்தும் சேர்ந்து போவதில் தடையில்லை.

விரும்பியவரைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக இந்தக் கடிதத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அதை அடுத்த ஆலோசகரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. சொல்லாத ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள், போதும்.