ரோமா பிள்ளைகளின் படிப்பு: கேள்வி பதில்

ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றி ('ஜிப்சி' என்று பலர் சொல்வது இவர்களைத்தான்), குறிப்பாக அவர்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லையாமே" என்று தொடங்கியவைதான் அதிகம். எனக்குத் தெரிந்தவரை, பெரிய தடை பள்ளியின் வாசலுக்கு உள்ளேதான் இருக்கிறது. ஏன் என்பதைக் கீழே பாருங்கள்.

ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு நிலையான பள்ளி எப்படிச் சாத்தியம்? (கல்லூரி மாணவர், திருச்சி)

பெரும்பாலோர் ஊர் ஊராகப் போவதில்லை. ஐரோப்பா முழுவதும் 1 கோடிக்கு மேல் ரோமாக்கள் இருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி தலைமுறைகளாக ஓரிடத்திலேயே வாழ்பவர்கள். செக்கோஸ்லோவாகியா 1958இல் நாடோடி வாழ்க்கையைச் சட்டம் போட்டே தடை செய்தது. பல இடங்களில் அவர்கள் குடியிருப்பு ஊருக்கு வெளியே, தனியாக இருக்கிறது. அதனால் பள்ளியும் தனியாகிவிடுகிறது.

ஓஸ்ட்ராவா வழக்கு என்று அடிக்கடி சொல்கிறார்கள். அது என்ன? (வழக்கறிஞர், சென்னை)

செக் நாட்டின் ஓஸ்ட்ராவா நகரத்தைச் சேர்ந்த 18 ரோமா பிள்ளைகள் தொடுத்த வழக்கு. அறிவுத்திறன் சோதனை வைத்து, இவர்களுக்கு மனவளர்ச்சி போதாது என்று சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பாடத்திட்டமே குறைவு. அதை முடித்தவருக்குப் பிறகு தொழிற்கல்வியில்கூட வாய்ப்புகள் குறுகிவிடும்.

வழக்கைத் தூக்கி நிறுத்தியது புள்ளிவிவரம். ஓஸ்ட்ராவாவின் ரோமா பிள்ளைகளில் 50.3 சதவீதம் பேர் சிறப்புப் பள்ளியில் இருந்தார்கள். மற்ற பிள்ளைகளில் 1.8 சதவீதம்தான். அதாவது 27 மடங்குக்கு மேல். ஒரு சமூகத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு மூளை வளரவில்லை என்று சொல்லும் சோதனையில்தானே கோளாறு இருக்க வேண்டும்?

செக் அரசு, "பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே" என்றது. உண்மைதான், போட்டிருந்தார்கள். முன்கூட்டியே அச்சடித்து வைத்த படிவத்தில். ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் சிறிய அமர்வு 2006இல் மனுவைத் தள்ளியது. 2007 நவம்பர் 13 அன்று பேரமர்வு 13க்கு 4 என்ற கணக்கில் பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பாகுபாட்டுக்கு ஆளாகாத உரிமையை யாரும் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் உயிரான பகுதி. எனக்கு அதில் மிகவும் பிடித்ததும் அதுதான். ஆளுக்கு 4,000 யூரோ இழப்பீடு. அதற்குள் பிள்ளைகள் பள்ளி வயதைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

தீர்ப்புக்குப் பிறகு மாறியதா? (அதே வழக்கறிஞர்)

மெதுவாக. தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2005 சட்டத்தில், சிறப்புப் பள்ளிக்குப் பெயரை மாற்றிவிட்டார்கள். உள்ளே இருந்த பிள்ளைகள் அதே பிள்ளைகள். உருப்படியான சீர்திருத்தம் 2016 செப்டம்பரில்தான் வந்தது: குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தை நீக்கி, பொதுப் பள்ளிகளிலேயே உதவி ஆசிரியர்களுக்கு நிதி கொடுத்தார்கள். இதற்கிடையே, 2014இல் ஐரோப்பிய ஆணையம் (ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பு) இந்தப் பாகுபாட்டுக்காகச் செக் நாட்டின் மீது நடவடிக்கை தொடங்கியது. அடுத்த ஆண்டு ஸ்லோவாகியா, அதற்கடுத்து ஹங்கேரி.

மொழி தெரியாத பிள்ளைகளை முதலில் தனி வகுப்பில் வைப்பதில் என்ன தப்பு? நானும் அப்படித்தான் செய்வேன். (ஆசிரியை, விழுப்புரம்)

தனி வகுப்பே தப்பு என்று யாரும் சொல்லவில்லை, டீச்சர். குரோஷியாவின் மெஜிமுர்யே பகுதியில் இதே காரணம் சொல்லித்தான் ரோமா பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைத்தார்கள். அது ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் போய், 2010இல் பேரமர்வின் தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் பார்த்தது இதைத்தான்: மொழி கற்பிக்கத் தனித் திட்டம் இருந்ததா? எவ்வளவு முன்னேறினார்கள் என்று யாராவது கணக்கு வைத்தார்களா? எப்போது பொது வகுப்புக்கு மாற்றுவீர்கள்? சரியான பதில் இல்லை. சில பிள்ளைகள் தொடக்கக் கல்வி முழுவதையும் தனி வகுப்பிலேயே கழித்திருந்தார்கள். அரசு தோற்றது, ஆனால் 9க்கு 8 என்ற கணக்கில்தான். நீதிபதிகளுக்கே எளிதாக இருக்கவில்லை.

ஹங்கேரியில் இந்தச் சாக்கும் செல்லாது. அங்கே பெரும்பாலான ரோமா வீடுகளில் பேசுவதே ஹங்கேரிய மொழிதான்.

பெற்றோருக்கு ஆர்வமில்லை என்பது முழுப் பொய்யா? (பெயர் வேண்டாம் என்றவர்)

முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். நம்பிக்கை குறைவு. அதற்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. இன்றைய ருமேனியாவின் பகுதிகளான வலாக்கியாவிலும் மல்தாவியாவிலும் 1850கள் வரை ரோமாக்கள் அடிமைகள். ஆஸ்திரியாவின் மரியா தெரேசா காலத்தில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து வேறு குடும்பங்களிடம் கொடுத்தார்கள். நாஜி ஜெர்மனியில் முல்ஃபிங்கன் என்ற ஊரின் இல்லத்தில் ஏறத்தாழ 40 சிந்தி பிள்ளைகளை (சிந்தி என்பவர்கள் ஜெர்மனியில் வாழும் ரோமா பிரிவினர்) ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்காக வைத்திருந்தார்கள். ஆய்வு முடிந்த பின் 1944 மே மாதம் அவர்களை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அந்த ஆட்சியில் பள்ளியிலிருந்து துரத்தப்பட்டவர்களின் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். பல வீடுகளில் பாட்டி தாத்தாவுக்கு எழுத்துத் தெரியாது.

இதற்கு மருந்து அறிவுரை அல்ல, ஆள். ருமேனியாவில் பள்ளி இணைப்பாளர்கள் என்று, பெரும்பாலும் ரோமாக்களையே வேலைக்கு அமர்த்துகிறார்கள். செர்பியாவில் வகுப்பறை உதவியாளர்கள். பிள்ளை வராத நாளில் வீட்டுக்கு வந்து "ஏன் வரல?" என்று கேட்க அவர்களுக்குத் தெரிந்த முகம் ஒன்று வேண்டும்.

எதுதான் பலன் தருகிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள். (தொண்டு நிறுவன ஊழியர், மதுரை)

சீக்கிரம் தொடங்குவது. ஆறு வயதில் சோதனை வைத்துப் பிரிப்பதைவிட மூன்று வயதில் சேர்ப்பது மலிவு. ருமேனியாவில் பிள்ளை தவறாமல் மழலையர் பள்ளிக்கு வந்தால் ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 50 லெய் கூப்பன் கொடுக்கும் திட்டம் 2015இல் சட்டமானது. நம் ஊர் அங்கன்வாடியும் சத்துணவும் பார்த்தவர்களுக்கு இதன் தருக்கம் விளக்கத் தேவையில்லை. ஸ்லோவாகியாவில் "ஓமாமா" என்ற திட்டம், குடியிருப்பின் ரோமா பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளோடும் தாய்மாரோடும் விளையாடிப் பேச வைக்கிறது.

அப்புறம், பேருந்து. சிரிக்காதீர்கள். பல்கேரியாவின் விதின் நகரில் 2000ஆம் ஆண்டு "த்ரோம்" என்ற ரோமா அமைப்பு தங்கள் குடியிருப்புப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி நகரத்துப் பொதுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. கூடவே பெரியவர்கள் போனார்கள். இல்லாதவர்களுக்குப் புத்தகமும் காலணியும் கிடைத்தன.

பேருந்து விட்டால் முடிந்ததா? (அவரே)

இல்லை. நிறுத்தவும் முடியும். ஹங்கேரியின் நியிரெட்ஹாசா நகரில் ஹுசார்தெலெப் குடியிருப்பின் ரோமா பள்ளியை 2007இல் மூடி, பிள்ளைகளை நகரப் பள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, பேருந்தும் விட்டார்கள். 2011இல் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை அதே இடத்தில் மறுபடி பள்ளியைத் திறந்தது. சேர்ந்தவர்கள் குடியிருப்புப் பிள்ளைகள்தான். வழக்குப் போனது, கீழ் நீதிமன்றங்கள் இது பிரித்துவைப்பு என்றன. 2015இல் உச்ச நீதிமன்றம், மதப் பள்ளியைப் பெற்றோர் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள் என்று திருச்சபை பக்கம் நின்றது. ஓஸ்ட்ராவாவில் எடுபடாமல் போன அதே கையெழுத்து வாதம், இங்கே மத உரிமை என்ற பெயரில் ஜெயித்தது என்பது என் கருத்து.

அதே உச்ச நீதிமன்றம் 2020இல் தியோங்கியோஷ்பதா ஊர்ப் பள்ளியில் பிரித்து வைக்கப்பட்ட சுமார் 60 பேருக்கு ஏறத்தாழ 10 கோடி ஃபோரிண்ட் இழப்பீட்டை உறுதி செய்தது. பிரதமர் ஓர்பான் வெளிப்படையாகவே எதிர்த்தார். இனி இப்படிப்பட்ட வழக்குகளில் பணமாகக் கொடுக்க வேண்டாம், பயிற்சியாகக் கொடுத்தால் போதும் என்று சட்டத்தையும் மாற்றினார்கள்.

ரோமாக்களே தனிப் பள்ளி நடத்தினால்? (இல்லத்தரசி, கோவை)

நல்ல கேள்வி. ஹங்கேரியின் பெய்ச் நகரில் 1994இல் தொடங்கிய மேல்நிலைப் பள்ளிக்குப் பெயர் காந்தி. சாயோகாசா கிராமத்தில் 2007இல் தொடங்கியதற்குப் பெயர் டாக்டர் அம்பேத்கர் பள்ளி; தொடங்கியது ஜெய்பீம் என்ற பௌத்த ரோமா அமைப்பு. இரண்டுமே பிள்ளைகளைப் பள்ளி இறுதித் தேர்வு வரை கொண்டுபோகும் நோக்கம் கொண்டவை. குறைந்த பாடம் கொடுத்து ஓரங்கட்டும் பள்ளியோடு இவற்றை ஒன்றாக வைக்கக் கூடாது. ஆனாலும் ஊர்ப் பொதுப் பள்ளி ரோமா பிள்ளையை வெளியே வைத்திருக்க இது சாக்காகிவிடக் கூடாது என்ற கவலையும் எனக்கு உண்டு.

நரிக்குறவர்களும் ரோமாக்களும் ஒரே இனமா? (பலர்)

இல்லை. இரண்டு மொழிகளும் இந்தோ-ஆரியக் குடும்பம், அவ்வளவுதான்.

நம் ஊர் போல இடஒதுக்கீடு உண்டா? (மாணவி, திருநெல்வேலி)

ருமேனியாவில் உண்டு. 1990களிலிருந்து பல்கலைக்கழகங்களில் ரோமாக்களுக்குத் தனி இடங்கள். பிறகு மேல்நிலைப் பள்ளிக்கும் விரிந்தது. நம் தாசில்தார் தரும் சாதிச் சான்றிதழ் போல ஏதுமில்லை. ரோமா அமைப்பு ஒன்று "இவர் எங்களவர்" என்று கடிதம் கொடுத்தால் போதும். ரோமா அல்லாதவர்களும் அந்தக் கடிதம் வாங்கிவிடுகிறார்கள் என்ற புகார், நீங்கள் எதிர்பார்ப்பது போலவே, அங்கேயும் இருக்கிறது.