ரிமோட் போனில் டாக்பேக்: காதை நம்பலாம், விரலை நம்பலாமா?

கேள்வி: கோவையில் நான்கு பேர் சேர்ந்து தனியார் பஸ் டிக்கெட் முன்பதிவுச் செயலி ஒன்றை நடத்துகிறோம். ஃப்ளட்டரில் (ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே நிரலில் செயலி எழுதும் கருவி) எழுதியது. பார்வையற்ற பயணி ஒருவர், "ஊர், தேதி எல்லாம் போட முடிகிறது. சீட் எடுக்கிற இடத்துக்கு வந்ததும் போன் ஊமையாகிவிடுகிறது" என்று எழுதியிருக்கிறார். அணுகல் குறைகளைத் தானே தேடும் தானியங்கிச் சோதனையில் எங்களுக்கு எல்லாமே பச்சை டிக். அலுவலகத்தில் ஐபோன் கிடையாது. இணையம் வழியே தூரத்திலிருந்து இயக்க, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ரிமோட் போன்களில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான்களான டாக்பேக் (ஆண்ட்ராய்டு), வாய்ஸ்ஓவர் (ஐபோன்) போட்டுச் சோதித்தால் போதுமா?

பதில்: பாதிக்குப் போதும். எந்தப் பாதி என்று தெரிந்து இறங்கினால் காசும் நேரமும் மிச்சமாகும்.

சோதனைக்குப் போகும் முன் அந்தப் பயணி எழுதிய வரியை இன்னொரு தடவை படியுங்கள். "ஊமையாகிவிடுகிறது" என்பதிலேயே நோய் என்னவென்று சொல்லிவிட்டார். உங்கள் சீட் வரைபடம், ஃப்ளட்டரில் நேரடியாகப் படம் வரைய உதவும் கஸ்டம்பெயின்ட் வைத்து ஒரே படமாக வரையப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். கண்ணுக்கு அது 36 இருக்கை. டாக்பேக்குக்கு அது வெற்றுச் சுவர், அதிகபட்சம் பெயரில்லாத ஒரு பெரிய கட்டம். பெயர் வைக்காத பட்டனைத் தானியங்கிக் கருவி பிடித்துவிடும். பட்டனாகவே இல்லாததை அது எப்படிப் பிடிக்கும்? பச்சை டிக் வந்த கதை இதுதான்.

இனி ரிமோட் விஷயம். திரைவாசிப்பான் ஓடும்போது விரல் தொடுவது நேராகச் செயலிக்குப் போவதில்லை. நடுவில் டாக்பேக் உட்கார்ந்திருக்கிறது. ஒரு தொடுதலுக்கு, விரலடியில் இருப்பதைச் சொல்லும். இரட்டைத் தட்டலுக்குத்தான் அதைத் திறக்கும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. ரிமோட் போனில் நீங்கள் தொடுவதில்லை, மவுஸில் கிளிக் செய்கிறீர்கள். அந்தக் கிளிக்கை ஏதோ ஒரு மென்பொருள் தொடுதலாக மாற்றி எங்கோ ஒரு ரேக்கில் இருக்கும் போனுக்குள் செலுத்துகிறது. செலுத்தும் வழியைப் பொறுத்து அது டாக்பேக்கின் கையில் சிக்காமல் நேரே செயலிக்குள் போய்விடுவதும் உண்டு.

இதில் நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்காக ரிமோட் கருவியில் முழுப் பயணத்தையும் சோதித்து, "டாக்பேக்கில் கட்டணம் வரை போகலாம்" என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். பார்வையற்ற நண்பர் ஒருவர் தன் போனில் முயன்றபோது கூப்பன் பாப்அப்பைத் தாண்டவே முடியவில்லை. அந்த பாப்அப்பின் மூடும் குறிக்கு டாக்பேக்கின் வரிசையில் இடமே இல்லை. நான் மவுஸால் அதைக் கிளிக்கியபோது மூடியது. ஏன் மூடியது என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

அதனால் ரிமோட் அமர்வைத் திறந்ததும் முதல் வேலையாக டாக்பேக்கை ஓடவிட்டு, ஏதாவது ஒரு பட்டனை ஒரே ஒரு தடவை கிளிக் செய்யுங்கள். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு நின்றால் நல்லது. பட்டன் உடனே திறந்துகொண்டால், உங்கள் கிளிக் டாக்பேக்கைத் தாண்டிப் போகிறது என்று அர்த்தம். அந்த அமர்வில் மவுஸைத் தொடாதீர்கள். சில சேவைகள் திரைவாசிப்பானுக்கென்றே அடுத்தது, முந்தையது, திற என்று தனிப் பொத்தான்கள் தருகின்றன. அவை இல்லையென்றால் கீபோர்டு போனுக்குள் போகிறதா என்று பாருங்கள். டாக்பேக்கின் வழக்கமான விசை அமைப்பில் ஆல்ட்டோடு வலது அம்பு அடுத்ததற்குப் போகும், ஆல்ட்டோடு என்டர் திறக்கும்.

கிளிக் சரியாகப் போனாலும் இரட்டைத் தட்டல் தகராறு செய்யும். ஆண்ட்ராய்டு இரண்டு தட்டலையும் ஒன்றாக எண்ண அவை சுமார் 300 மில்லி விநாடிக்குள் விழவேண்டும். நெட் கொஞ்சம் திணறினால் இரண்டும் தனித்தனித் தட்டலாகிவிடும். "பட்டன் வேலை செய்யவில்லை" என்று பிழைப் பட்டியலில் எழுதும் முன் இதை நினைவில் வையுங்கள். ஒலியளவு விசை இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்து டாக்பேக்கை அணைக்கும் வழியும் ரிமோட்டில் பெரும்பாலும் கிடைக்காது. எப்படி அணைப்பது என்று தெரிந்துகொண்டு போடுங்கள், இல்லையென்றால் வாடகை நேரத்தில் பத்து நிமிஷம் அதிலேயே போய்விடும்.

ஆக, விரல் சம்பந்தப்பட்ட எதையும் ரிமோட்டில் முடிவுசெய்ய வேண்டாம். காதுக்கு வருவதை நம்பலாம்: என்ன சொல்கிறது, எந்த வரிசையில் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது. இங்கேதான் ரிமோட் தன் வாடகைக்கு உழைக்கும். ஒலி வராத சேவையாக இருந்தாலும் பரவாயில்லை. டாக்பேக் அமைப்புகளில் டெவலப்பர் பகுதிக்குள் 'டிஸ்ப்ளே ஸ்பீச் அவுட்புட்' என்று ஒன்று இருக்கிறது. போட்டால் பேசுவதெல்லாம் திரையில் எழுத்தாக ஓடும். ஐபோனில் அதற்குப் பெயர் கேப்ஷன் பேனல், வாய்ஸ்ஓவர் அமைப்புகளிலேயே கிடைக்கும். அந்த வரிகளை அப்படியே ஒரு எக்செல் தாளில் ஏற்றுங்கள்: பக்கத்துக் கட்டத்தில், என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது.

ஒரு எச்சரிக்கை. ரிமோட்டில் திரை எப்போதும் கண்முன் இருக்கிறது, கண் ஏமாற்றும். "7" என்று மட்டும் அது சொன்னாலும், மூளை தானாகவே "ஏழாம் நம்பர் ஜன்னல் சீட்" என்று நிரப்பிக்கொள்ளும். நீங்கள் நான்கு பேர் இருக்கிறீர்களே. ஒருவர் ஓட்டட்டும், இன்னொருவர் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டபடி டிக்கெட் எடுக்க முயலட்டும். ஒலி வராவிட்டால் ஓட்டுகிறவர் அந்த எழுத்தை மட்டும் வாசிக்க வேண்டும், ஒரு சொல் கூட்டக்கூடாது. கோவையிலிருந்து மதுரைக்கு ஒரு டிக்கெட் எடுக்கும் முன் முதுகு காட்டியவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் வரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சீட் திரைக்கே வருவோம். உங்கள் பிழை அங்கே இருக்கிறது, இன்னும் நான்கைந்தும் அங்கேதான் இருக்கும்.

படத்தை வரையும் கஸ்டம்பெயின்டரை விடமுடியாது என்றால், வரைந்ததைத் திரைவாசிப்பானுக்கு விளக்கிச் சொல்லும் செமான்டிக்ஸ்பில்டர் அதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு செவ்வகம், ஒரு பெயர், ஒரு செயல் கொடுக்கலாம். என்னைக் கேட்டால், இருக்கைகளைச் சாதாரண விட்ஜெட்டுகளாகவே (பட்டன் போன்ற ஃப்ளட்டரின் தனித்தனி உறுப்புகள்) மாற்றிவிடுவேன், பராமரிப்புத் தொல்லை குறைவு. டாக்பேக் சொல்லவேண்டியது இப்படி இருக்கட்டும்: "இருக்கை 7, ஜன்னலோரம், 650 ரூபாய், காலி." எண் முதலில் வரவேண்டும். வேண்டாத இருக்கை என்றால் பயணி மிச்சத்தைக் கேட்காமலே அடுத்ததற்குத் தள்ளிவிடுவார்.

பெண்களுக்கான இருக்கையை நம்மூர் செயலிகள் இளஞ்சிவப்பில் காட்டுகின்றன. நிறத்தை டாக்பேக் சொல்லாது. பார்வையற்ற ஆண் பயணி தெரியாமல் அதை எடுத்து, கட்டணப் பக்கத்தில் பிழைச்செய்தி வாங்கித் திரும்புவார். "பெண்களுக்கு மட்டும்" என்பதைப் பெயரிலேயே சேருங்கள். ஸ்லீப்பர் என்றால் கீழ்த்தளம், மேல்தளம் இரண்டுக்கும் தலைப்பு வையுங்கள். தலைப்பு விட்டுத் தலைப்பு தாவ டாக்பேக்கிலும் வாய்ஸ்ஓவரிலும் வசதி இருக்கிறது. இல்லையென்றால் மேல்தளம் போக 18 தடவை தள்ளவேண்டும்.

ஒரு சீட்டைத் தொட்டதும் அடியில் "1 இருக்கை, 650 ரூபாய்" என்று மாறுகிறதல்லவா? கண் பார்த்துவிடும், காதுக்கு ஒன்றும் வராது. அந்தப் பகுதிக்கு லைவ்ரீஜன் என்ற குறிப்பைக் கொடுங்கள், மாறும்போது தானே சொல்லும். ஆனால் அதே மருந்தை நேரக் கடிகாரத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். சீட்டை 8 நிமிஷம் பிடித்துவைக்கும் கடிகாரத்துக்கு ஒரு குழு ஆர்வத்தில் லைவ்ரீஜன் போட்டதைப் பார்த்தேன். "7 நிமிஷம் 59, 7 நிமிஷம் 58" என்று விநாடிக்கொரு தடவை குறுக்கே விழுந்து, பயணி தன் பெயரைத் தட்டச்சு செய்யவே விடவில்லை. பாதி நேரத்தில் ஒரு தடவை, கடைசி ஒரு நிமிஷத்தில் ஒரு தடவை சொன்னால் தாராளம். கூடுதல் நேரம் கேட்க ஒரு பட்டனும் வைத்தால் இன்னும் நல்லது.

இவ்வளவையும் ரிமோட்டிலேயே பார்த்துவிடலாம். கட்டணப் பக்கத்தில் மட்டும் சிக்கல் வரும். பாதுகாப்புக்காகத் திரைப்பிடிப்பைத் தடுத்திருக்கும் பக்கம் ரிமோட்டில் கறுப்பாகத்தான் தெரியும். ஓடிபி வர அந்தப் போனில் உங்கள் சிம் இருக்காது. சோதனைக் கணக்கு, நிலையான ஓடிபி, சோதனை பில்டில் (சோதனைக்கென்று தயாரிக்கும் செயலிப் பதிப்பு) மட்டும் திரைத் தடையை எடுத்துவிடுவது ஆகிய மூன்றையும் முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உண்மையான பயணியின் பெயரோ எண்ணோ அந்த அமர்வில் வேண்டாம். ஓடும் எழுத்தோடு சேர்த்து அமர்வுப் பதிவில் எல்லாம் தங்கிவிடும்.

ஐபோன் கதை வேறு. மேக் கணினியில் ஐபோனைப் போல நடிக்கும் சிமுலேட்டர் மென்பொருளில் வாய்ஸ்ஓவர் கிடையாது. ஆக்ஸசிபிலிட்டி இன்ஸ்பெக்டர் என்ற ஆப்பிளின் கருவியை வைத்துப் பெயர்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான். எனவே ஐபோனே இல்லாத உங்களுக்கு ரிமோட் ஐபோன் உண்மையில் பயன்படும். ஆனால் ரோட்டர் என்று வாய்ஸ்ஓவரில் ஒன்று உண்டு. இரண்டு விரலை வைத்துக் குமிழைத் திருகுவதுபோலத் திருப்பினால் தலைப்பு, இணைப்பு என்று தாவும் முறை மாறும். பின்னால் போக இரண்டு விரலால் இசட் வடிவில் தேய்க்க வேண்டும். ஒற்றை மவுஸால் இது இரண்டும் ஆகாது. பழைய ஐபோன் ஒன்று வாங்கிவிடுங்கள். 2020இல் வந்த இரண்டாம் தலைமுறை எஸ்இ போதும், ஐஓஎஸ் 26 வரை ஏற்கிறது. ஹோம் பட்டனை மூன்று தடவை அழுத்தினால் வாய்ஸ்ஓவர் வரும்படி வைத்துக்கொள்ளலாம், அவசரத்துக்கு அணைக்கவும் அதுவே. மூன்று விரலால் மூன்று தடவை தட்டினால் திரை கறுப்பாகும், அப்புறம் கண்ணால் ஏமாற்ற வழியில்லை.

தமிழ்க் குரலையும் மறக்கவேண்டாம். ரிமோட் போன்கள் பெரும்பாலும் ஆங்கிலக் குரலோடுதான் வரும், தமிழ்க் குரலை இறக்கிக்கொண்டு சோதியுங்கள். "ரூ.650/-" என்பதை எப்படி வாசிக்கிறது, "மு.ப. 9:30" என்று சுருக்கிய புறப்பாட்டு நேரத்தை எப்படி வாசிக்கிறது என்று கேட்டால் சிரிப்பு வரும். சுருக்கத்தை விரித்து எழுதுங்கள். பஸ் நிறுவனம் அனுப்பும் விதிமுறை பிடிஎஃப் பழைய பாமினி எழுத்துருவில் இருந்தால் இன்னும் வேடிக்கை. திரையில் "தமிழ்" என்று தெரிவது காதில் "ஜே கே பி ஓ" என்று விழும், ஏனென்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. யூனிகோடுக்கு மாற்றாமல் அதற்கு வேறு வைத்தியம் இல்லை.

உங்களில் யாராவது "ஒருவருக்காக இவ்வளவா?" என்று கேட்டால் சட்டத்தைச் சொல்லிவிடுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, தனியார் சேவைகளையும் சேர்த்தே பேசுகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது.

விரல் பாதிக்கு வருகிறேன். அதற்கு உங்கள் ஆண்ட்ராய்டு போன்களே போதும், டாக்பேக் போட்டு வாரத்தில் ஒரு நாள் அரைமணி நேரம் புழங்குங்கள். அதற்கும் மேல் ஒரு ரிமோட் சோதனை இருக்கிறது. போனும் விரலும் தினமும் இதில் வாழ்கிறவருடையது, தூரத்தில் இருப்பது நீங்கள். கடிதம் எழுதிய அந்தப் பயணியையே கேளுங்கள். அவருடைய நேரத்துக்குப் பணம் கொடுங்கள். பிளே ஸ்டோரின் உள்சோதனை வழியில் 100 பேர் வரை பில்ட் அனுப்பலாம், அவரைச் சேர்ப்பது ஐந்து நிமிஷ வேலை. திரைப் பகிர்வில் டாக்பேக்கின் குரல் சில சமயம் வராது. அவர் வீட்டில் இன்னொரு போன் இருந்தால் அதில் வாட்ஸ்அப் கால் போட்டு முதல் போனின் ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்கச் சொன்னால் போதும்.

முதல் பத்து நிமிஷம் நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. "சார், அந்த மேல் பட்டனை..." என்று ஆரம்பித்தால் சோதனை அங்கேயே முடிந்தது. அவர் வைத்திருக்கும் பேச்சு வேகத்தில் உங்களுக்கு ஒரு சொல்கூடப் புரியாமல் போகலாம். முதல் தடவை அப்படியே ஓடட்டும், அவர் எங்கே நின்று திரும்பித் தள்ளுகிறார் என்று மட்டும் குறியுங்கள். இரண்டாம் தடவை வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டால், ரிமோட் போனில் நீங்கள் எழுதிய எக்செல் தாளோடு வரிக்கு வரி ஒப்பிடலாம். இரண்டும் ஒத்துவராத வரிகளை முதலில் சரிசெய்யுங்கள்.