எந்தக் கரை, எந்த நூற்றாண்டு? கிழக்காசியக் கொள்ளைக் கப்பல் மினியேச்சர்கள்: கேள்வி-பதில்

மேசைப் போர் விளையாட்டுக்கு என்னிடம் 28 மி.மீ. உயரப் பொம்மைகள் இருக்கின்றன. மேசை நான்கடிக்கு நான்கடி. 55 செ.மீ. நீளமுள்ள சீன ஜங்க் (பாய்மரக் கப்பல்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? (கோவை)

வேண்டாம். 28 மி.மீ. பொம்மைகளுக்குக் கப்பலை ஏறத்தாழ 1:56 அளவில் செய்வார்கள். அந்தக் கணக்கில் 55 செ.மீ. என்பது 31 மீட்டர் நிஜக் கப்பல். உங்கள் மேசை 122 செ.மீ.தான். இரண்டு கப்பல்கள் எதிரெதிரே நின்றால் திரும்ப இடமிருக்காது. 16 மீட்டர் கரையோர ஜங்க் எடுங்கள். அது மேசையில் 28, 29 செ.மீ. வரும்.

நீளத்தைவிடத் தளத்தின் உள் அகலம் முக்கியம். 25 மி.மீ. வட்ட அடித்தட்டு மூன்று அருகருகே நிற்க 75 மி.மீ. வேண்டும், விரல் நுழைய இன்னும் 10. பக்கச் சுவர்களுக்கு இடையே எத்தனை மி.மீ. என்று விற்பவரிடம் கேளுங்கள். 85க்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள். பாய்மரம் கழற்றக்கூடியதா என்பதையும் கேளுங்கள். ஒட்டிய பாய்மரம்தான் கை பட்டு முதலில் உடையும். 5 மி.மீ. மரக்குச்சி பித்தளைக் குழாயில் செருகி நிற்கும் அமைப்பே நல்லது. அடிப்பகுதி நீர்மட்டத்தோடு தட்டையாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். முழு உடல் மாடல் கண்ணாடி அலமாரிக்குத்தான் சரி.

1550களின் வொக்கோ (சீனக் கரையைத் தாக்கிய கடற்கொள்ளையர்) கொள்ளையை ஆட ஒரு அதாகெபுனே வாங்கிவிட்டேன். சரிதானே? (சிங்கப்பூர்)

தவறு. அதாகெபுனே ஜப்பானியப் பிரபுக்களின் போர்க்கப்பல். பெட்டி போன்ற அந்த உடல் ஜப்பானியத் தீவுகளுக்கு இடைப்பட்ட உள்கடலுக்கானது. ஒசாகா அருகே 1576இல் நடந்த கிஸுகவாகுச்சிச் சண்டைக்கு அது பொருந்தும். 1550களில் சீனாவின் ஜெஜியாங், பூஜியான் கரைகளைக் கொள்ளையடித்த வொக்கோவில் பெரும்பகுதியினர் சீனர்கள். பெருந்தலைவர் வாங் ஜியும் சீனர்தான், ஜப்பானின் ஹிராதோவில் தளம் வைத்திருந்தார். அவர்களுக்குச் சீன ஜங்க்குகளே பொருத்தம். ஏராக்கட்டையோடு (கப்பலின் நடு அடிக்கட்டை) கூரிய அடிப்பாகம் கொண்ட பூஜியான் வகை ஒன்றும், துடுப்புப் படகு இரண்டும் போதும். கையிலிருப்பதை விற்க மனமில்லையென்றால் ஜப்பானியக் கடற்கொள்ளைக் குலமான முராகாமியை ஆடுங்கள். ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி கடற்கொள்ளைக்குத் தடை விதித்த 1588க்கு முன் நடக்கும் ஆட்டமாக அமையுங்கள். அதாகெபுனேக்குத் துணையாக இரண்டு செகிபுனே (நடுத்தரக் கப்பல்), நான்கு கோபாயா (சிறு கப்பல்) வேண்டும். பெரிய கப்பல் தனியாக நின்றால் ஆட்டம் சுவைக்காது.

கொரிய ஆமைக் கப்பலைக் கொள்ளைக் கப்பலாக வைக்கலாமா?

கூடாது. அது 1592–98 போரில் ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்த கொரியக் கடற்படையின் கப்பல்.

ஒரே ஜங்க் இரண்டு விதமாக விற்கிறார்கள். சாதாரணம் 4,000 ரூபாய். பாயில் மண்டையோடும் முன்புறம் இரும்பு முள்ளும் வைத்த 'கொள்ளையர் பதிப்பு' 6,500. கூடுதல் விலை தகுமா? (சென்னை)

தகாது. இந்த ஏமாற்று வேலையைப் பற்றி எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் எழுதுகிறேன்.

தென்சீனக் கடலில் கொள்ளைக்கென்று தனி வடிவில் கப்பல் கட்டுவது வழக்கமில்லை. வணிகக் கப்பலைப் பிடித்தார்கள், மீன்பிடிக் கலத்தைப் பிடித்தார்கள், பீரங்கி ஏற்றினார்கள், ஆளைக் கூட்டினார்கள். 1800களின் தொடக்கத்தில் குவாங்தோங் கரையை நடுங்கவைத்த செங் யியின் கூட்டமைப்பு இப்படித்தான் வளர்ந்தது. 1807இல் அவர் இறந்தபின் அதை நடத்திய அவர் மனைவி செங் யி சாவும் அவர்களின் தத்துப்பிள்ளை சாங் பாவும் ஓட்டியது இதே கப்பல்களைத்தான். அணிகளைக் கொடி நிறத்தால் பிரித்தார்கள்: சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை, நீலம், மஞ்சள். மண்டையோடு அட்லாண்டிக் பக்கத்துக் கொடி. அதைக் குவாங்தோங் ஜங்க்கின் பாயில் அச்சிட்டு 2,500 ரூபாய் கூடுதலாகக் கேட்பவருக்கு அந்தக் கடலும் தெரியாது, வாங்குபவர் மேல் மரியாதையும் கிடையாது.

சாதாரணப் பதிப்பை வாங்குங்கள். மிச்சப் பணத்தில் தனியாக விற்கும் பீரங்கிகளை வாங்கி, பக்கத்துக்கு நான்கு வையுங்கள். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டாம், பறித்த பீரங்கி அப்படி வராது. கப்பலேறிச் சண்டையிட மூங்கில் ஈட்டிக் கட்டு, எறிய மண்சட்டிகள், பின்னால் ஒரு துடுப்புப் படகு. பாயை நீங்களே செய்யலாம். பழுப்புப் பொட்டலத் தாளை வெட்டி, 15 முதல் 20 மி.மீ. இடைவெளியில் தென்னை ஈர்க்கை ஒட்டினால் மூங்கில் சட்டம் போலவே நிற்கும். ரெசினில் வார்த்த மெல்லிய பாய்போல் முறியாது. நிறம் வைக்கோல் பழுப்பு அல்லது சாயம் தோய்ந்த செம்பழுப்பு. பளிச்சென்ற சிவப்பு வேண்டாம்.

நான் கேட்டது சீனக் கப்பல். வந்திருப்பதில் ஐரோப்பிய உடல், சீனப் பாய். பாகங்களை மாற்றி அனுப்பிவிட்டார்களா? (பினாங்கு)

இல்லை. அது லோர்ச்சா. மக்காவ் போர்த்துக்கீசியரோடு தொடர்புடைய கலப்பு வகை. 1856இல் இரண்டாம் அபினிப் போருக்குக் காரணமான 'ஆரோ' கப்பலும் லோர்ச்சாதான். 1850களின் ஆட்டத்துக்கு அருமையான கப்பல். 1550களுக்கு வைக்காதீர்கள்.

ஏழு மாதம் முன்பு ஒரு பெரிய ஜங்க்குக்கு முன்பதிவாக முழுத் தொகையும் கட்டினேன். விளம்பரத்தில் இருந்தது கணினிப் படம். இப்போது பதிலே இல்லை. (திருச்சி)

உங்கள் மேல் தவறில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வது வியாபாரமே இல்லை. விளம்பரம், ரசீது, கடிதங்கள் எல்லாவற்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள், பக்கத்தை நீக்கிவிடுவார்கள். 15 நாள் கெடு வைத்து எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் அந்தக் கெடுவுக்குக் காத்திராமல் வங்கியில் முறையிடுங்கள், அதற்குக் காலவரம்பு உண்டு. இந்திய விற்பனையாளர் என்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி விற்பனையாளர் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்யுங்கள்.

ரெசின் கப்பலின் உடல் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கிறது. திருப்பி அனுப்பவா?

வளைவு 3, 4 மி.மீ. என்றால் சரிசெய்யலாம். ரெசின் இறுகும் முன்பே அச்சிலிருந்து எடுப்பதால் வருவது இது. நான் வாங்கிய கோபாயா ஒன்றும் இப்படித்தான் வந்தது. சோப்பு நீரில் கழுவி அச்சுமெழுகைப் போக்குங்கள். கை பொறுக்காத சூட்டில், ஏறத்தாழ 70 டிகிரி நீரில் ஐந்து நிமிடம் மூழ்கவைத்து, கிரானைட் பலகைமேல் அழுத்திப் பிடித்து, அப்படியே குளிர்நீர் ஊற்றுங்கள். உடல் கனமாக இருந்தால் இரண்டு முறை செய்ய வேண்டிவரும். பிறகு உப்புத்தாளால் ஈரமாகவே தேய்யுங்கள், முகக்கவசம் கட்டாயம். வளைவு 10 மி.மீ. என்றால் திருப்பி அனுப்புங்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் முப்பரிமாணமாக அச்சிட்டது வேறு கதை. 60 டிகிரியிலேயே இளகும், வெயிலில் நிற்கும் காரில் வைக்கவே வைக்காதீர்கள்.

படம் நன்றாக இருந்ததால் வாங்கினேன். வந்தது 1:300. என் பொம்மைகள் 28 மி.மீ. விற்பனைப் பக்கத்தில் அளவு போட்டிருந்தது, நான் படிக்கவில்லை. பணம் திரும்புமா?

அளவைப் போட்டுத்தான் விற்றிருக்கிறார். சட்டப்படி கேட்க இடமில்லை.

1809 செங்கொடி அணியைப் பெரிய சண்டையாக ஆட எந்த அளவு? எத்தனை கப்பல்? (யாழ்ப்பாணம்)

1:1200. 30 மீட்டர் ஜங்க் 25 மி.மீ. வரும், நான்கடி மேசையில் முப்பது கப்பல் தாராளமாக ஆடும். 1:300இல் அதே கப்பல் 10 செ.மீ., பன்னிரண்டுக்கு மேல் நெருக்கடி. எதிரணிக்குத் தனியாகச் செலவழிக்காதீர்கள். குவாங்தோங்கில் சீனாவின் சிங் அரசுக் கடற்படை ஓட்டிய மி-திங் கப்பலே அரிசி ஏற்றிய வணிகக் கலத்தின் வடிவம்தான். ஒரே வார்ப்பை இரண்டு பக்கத்துக்கும் வாங்கிக் கொடியை மட்டும் மாற்றுங்கள். அந்த எதிரணிக்கு உதவிய மக்காவ் போர்த்துக்கீசியருக்கு மட்டும் ஐரோப்பியக் கப்பல் சில வேண்டும். கொடிகளை அச்சிட்டு ஒட்டும் முன் ஓரங்களுக்கும் நிறம் கொடுங்கள். வெள்ளைத் தாள் தெரிந்தால் முப்பது கப்பலிலும் அதுதான் கண்ணில் படும்.