விளைச்சலில் நாம் முதலிடம், ஏற்றுமதியில் ஈக்வடார் முதலிடம்: ஏன்?

கேள்வி: உலகிலேயே மிகுதியாக வாழை விளைவிக்கும் நாடு இந்தியா என்கிறார்கள். ஆனால் வாழை ஏற்றுமதியில் முதலிடம் ஈக்வடாருக்கு என்றும் படித்தேன். இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும்?
– வாசகர், தேனி மாவட்டம்

பதில்: இரண்டும் உண்மையே. இந்தியாவில் ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் வாழை விளைகிறது. ஈக்வடாரின் விளைச்சல் ஏறக்குறைய அதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆயினும் அந்நாடு தன் விளைச்சலில் பெரும்பகுதியைக் கப்பலேற்றி, ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கு மேல் ஈட்டுகிறது. நாமோ விளைந்ததில் மிகப் பெரும் பங்கை நாமே உண்டுவிடுகிறோம். இதை இழப்பு என்று நான் கருதவில்லை. பந்திக்கு விரிக்கும் இலையும், பொரியலுக்கு நறுக்கும் தண்டும், பழனிப் பஞ்சாமிர்தத்தில் சேரும் விருப்பாச்சிப் பழமும் ஏற்றுமதிக் கணக்கில் வராவிட்டாலும் உழவருக்கு வருமானம் தருபவைதாம்.

உண்மையான வேறுபாடு, தார் வெட்டும் முன்பே தொடங்குகிறது. ஈக்வடாரின் ஏற்றுமதித் தோட்டங்களில் தார் மரத்தில் இருக்கும்போதே உறையிட்டுக் காக்கிறார்கள். முற்றும் பருவத்தில் பச்சையாக வெட்டிய தாரைத் தரையில் படவிடாமல் கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கொட்டகைக்கு இழுத்துச் சென்று, சீப்புகளாகப் பிரித்து, பால் போக நீரில் கழுவி, ஏறத்தாழ 18 கிலோ கொள்ளும் பெட்டிகளில் அடுக்குகிறார்கள். கப்பலில் வெப்பநிலை 13 முதல் 14 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் தோல் கறுத்துவிடும். பழுக்க வைப்பது போய்ச் சேர்ந்த நாட்டில்தான். நம் ஊரில் தாரை லாரியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும்போது ஏற்படும் கீறல், பழுத்த பிறகு கரும்புள்ளியாகித் தரத்தைக் குறைக்கிறது. உங்கள் மாவட்டத்தில் பரவலாகப் பயிராகும் ஜி-9 என்ற வாழை ரகம், ஈக்வடார் அனுப்பும் அதே கேவண்டிஷ் இனக்குழுவைச் சேர்ந்ததுதான். ஆகவே குறை பயிரில் இல்லை. பெரும்பாலும் வெட்டிய பின் நடக்கும் கையாளுதலில்தான் இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் எல்லோரும் ஜி-9 ரகத்துக்கே மாறிவிடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் ரகத்தைப் பனாமா வாடல் நோய் வணிகத்திலிருந்தே விரட்டியது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷையும் அந்நோயின் டி.ஆர்.4 வகை இப்போது தாக்குகிறது; 2019-இல் கொலம்பியாவிலும் 2021-இல் பெருவிலும் அது உறுதிசெய்யப்பட்டது. ரஸ்தாளி பழுத்தால் சீப்பிலிருந்து உதிரும் என்பதால் தொலைதூரப் பயணத்துக்கு ஏற்றதன்று. எனினும் பூவன், மொந்தன், கற்பூரவல்லி என்று பல ரகங்களை வைத்திருப்பது நமக்குப் பெரும் காப்பு. 1993-இல் உங்கள் ஊரில் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இத்தகைய ரகங்களைத் திரட்டிப் பாதுகாத்து வருகிறது.

கேள்வி: விலை சரிந்தால் ஈக்வடாரில் உள்ள வாழை உழவருக்குப் பாதுகாப்பு உண்டா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: ஈக்வடார் அரசு ஏற்றுமதிப் பெட்டி ஒன்றுக்கு உழவர் பெற வேண்டிய குறைந்தபட்ச விலையை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. நம் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் வாழை இல்லை. கேரளம் 2020-இல் நேந்திரனுக்குக் கிலோவுக்கு 30 ரூபாய் என அடிப்படை விலை நிர்ணயித்தது. சூறைக்காற்றிலும் விலைச்சரிவிலும் ஒரே ஆண்டில் முதலை இழக்கும் நம் வாழை உழவருக்கும் அத்தகைய அறிவிப்பு தேவை.